நாலேகாலும் நாலு ஐம்பத்தைந்தும்

குழந்தையைக் காணோம் என்று ஒரு பெண் என்னிடம் ஓடி வந்தது மாலை நாலேகால் மணிக்கு. நாலு ஐம்பத்தைந்துக்கு வந்தார் என்று போலீசாரிடம் சொன்னேன். நடுவே இருந்த நாற்பது நிமிடத்தை வீணடித்தவன் நான்; பழி விழுந்தது அவர்மேல். குழந்தை இன்றுவரை கிடைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீர்மோர், சுண்டல், மாட வீதி என்று சுற்றி வந்துகொண்டே இருப்பேன், சொல்ல வந்தது நின்றுபோகும். எனக்கு வசதியில்லாத விஷயங்களை மறப்பதில் இளவயதிலேயே நல்ல தேர்ச்சி.

இந்தப் பங்குனியில், அறுபத்துமூவர் உற்சவத்தன்று, பேத்தியை அழைத்துக்கொண்டு அடையாறிலிருந்து மயிலாப்பூர் போனேன். லஸ் முனைக்கு முன்னாலேயே ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"இதுக்கு மேல போவாது நைனா. சாமியே தோள்லதான் வருது. நீ நடந்து போ."

தெருமுனையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் போலீஸ், குழந்தைகளின் மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். பேத்தி கையை நீட்டினாள். நான் பழைய வழக்கத்தில் ஆரம்பித்தேன். "பேரு மீனாட்சி. அப்பா பேரு..."

"அப்பா பேரெல்லாம் வேணாம் தாத்தா. செல் நம்பர் சொல்லுங்க, போதும்."

பத்து இலக்கம். ஐந்து விநாடி. பட்டை ஒட்டியாகிவிட்டது. நான் நகராமல் நின்றேன். "பெரியவரே, நவுருங்க" என்று பின்னாலிருந்து முதுகில் கை வைத்தார்கள். பேத்தி தன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீ தொலைஞ்சு போயிட்டா?" என்றாள். பெண் போலீஸ் சிரித்துக்கொண்டே என் கையையும் இழுத்து ஒன்று ஒட்டிவிட்டார். முப்பத்து நாலு வருடம் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன், மகளுடைய செல் நம்பரைக் கையில் கட்டிக்கொண்டு மாட வீதிக்குள் நுழைந்தேன்.

உள்ளே போனதும் பெருங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட நீர்மோர் வாசனை. அது ஒன்றும் மாறவில்லை. அந்த வாசனை வந்தால் எனக்குக் கூடவே இன்னொன்றும் கேட்கும்: மூங்கிலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் கீச்சல், அதன் பின்னால் என் குரல்.

ஆமாம், என் குரல்தான். ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் தெருப் பையன்கள் சேர்ந்து வைத்திருந்த தொண்டர் குழு, உற்சவத்தன்று மாட வீதி முனையில் கீற்றுக் கொட்டகை போட்டு, தொலைந்துபோன குழந்தைகளைச் சேர்த்து வைக்கும். நண்பன் ஜம்புவுக்கு பன் ரொட்டி இலாகா. அழுகிற குழந்தைக்கு ஒரு பன், அவனுக்கு ஒரு பன். எனக்கு மைக். "எங்கிருந்தாலும் உடனடியாக" என்று நான் இழுத்துச் சொல்வது இரண்டு தெரு தள்ளி எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்கும். "நீ 'உடனடியாக'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பாலே பொங்கிடுத்துடா" என்பாள் அம்மா. நான் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

என்னென்ன குழந்தைகள்! விலாசம் கேட்டால் "காக்கா உக்காருற வீடு" என்று ஒன்று. தேடி வந்த அம்மாவோடு போக மறுத்து, இரண்டாவது பன் வாங்கிக்கொண்டுதான் இறங்குவேன் என்று ஒன்று. "உங்கப்பா பேரு என்னடா?" என்று கேட்டதற்கு ஒருவன் கம்பீரமாக, "ஏங்க" என்றான். அவன் அம்மா அவன் அப்பாவை அப்படித்தானே கூப்பிட்டிருப்பாள்!

சிரிக்காதீர்கள். இந்த "ஏங்க"தான் எங்களுக்குப் பெரிய தொல்லை. எங்கள் நோட்டுப் புத்தகத்தில் குழந்தை பெயர், வயது, உடை, தகப்பனார் பெயர், நேரம் என்று கட்டங்கள் உண்டு. தகப்பனார் பெயரில்லாமல் அறிவிக்கக் கூடாது என்பது செயலாளர் போட்ட விதி. யாராவது வந்து என் குழந்தை என்று தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே. ஆனால் வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். அவர்களோ புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுள் குறையும். ஆகவே ஜாடைதான். "சனிக்கிழமை சாமி" என்றால் வெங்கடாசலம். மயில் மாதிரி கையை விரித்தால் முருகன், வேலு, சுப்பிரமணி, இவற்றில் ஒன்று. நானும் ஜம்புவும் யார் முதலில் கண்டுபிடிக்கிறோம் என்று போட்டி போடுவோம். அதற்காகவே அந்த வேலையை நாங்கள் விரும்பினோம் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பெண் வந்தபோது கொட்டகையில் இருந்த அலாரம் கடிகாரம் நாலேகால் காட்டியது. ஜம்பு வீட்டிலிருந்து கொண்டு வந்து என் எதிரிலேயே வைத்திருந்த கடிகாரம். ருக்மணி என்று பெயர், இருபத்து நாலு வயதிருக்கும், மந்தைவெளி. புருஷனுக்கு தி. நகரில் தையல் வேலை. அன்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

"சார், கொயந்த சார். மல்லிகான்னு பேரு, நாலு வயசு. பச்ச பாவாட. கையில பீப்பீ வச்சிக்கினு இருந்தா. பக்கத்துலதான் சார் நின்னுக்கினு இருந்தோம். பல்லக்கு போச்சு, திரும்பினேன், காணோம் சார்."

"பயப்படாதீங்கம்மா. எல்லாம் இங்கதான் வரும். அப்பா பேரு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தெருவைக் காட்டினார். "இன்னிக்கு வருதே சார் அறுபத்துமூணு சாமி. அதுல ஒண்ணு."

ஜம்பு தொடையில் தட்டினான். "மாட்டினோம்டா! அறுபத்துமூணுல எதும்மா?"

எனக்கோ அது ஒரு பரீட்சை. அறுபத்துமூன்று நாயன்மார்களையும் வரிசையாக ஒப்பிக்கத் தெரியும் என்ற கர்வம். சுந்தரமூர்த்தியா? இல்லை. கண்ணப்பனா? இல்லை. பக்கத்து நீர்மோர்ப் பந்தலிலிருந்து ஒரு மாமா வந்து சேர்ந்துகொண்டார். நடுவில் பாதியில் வரிசை மறந்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். இன்னொரு குழந்தையைப் பற்றி அறிவித்தேன். மோர் கொடுத்த புண்ணியவான்களுக்கு நன்றி வாசித்தேன். "குங்கிலியக்கலயரா?" என்று ஜம்பு கேட்டபோது ருக்மணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம். தொலைந்த குழந்தை கிடைத்துவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அன்று காலையில்தான் குளக்கரையில், சாம்பலாகிப்போன பூம்பாவை என்ற பெண் உயிரோடு எழுந்து வந்ததாக உற்சவம் நடத்தி, எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஒருதரம் அவர், "சார், அவரு பேரு இல்லாமயே சொல்லிடுங்க சார். கொயந்த அழுவும்" என்றார்.

"ரூல்ஸும்மா. ஒரு நிமிஷம்" என்றேன்.

கடைசியில் ஒரு பல்லக்கு கொட்டகைக்கு எதிரே நின்றது. அதில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளை நான் உரக்கப் படித்தேன். "கணநாதர்" என்றதும், "இதான் சார், இதான்!" என்று ருக்மணி கத்தினார். கூட்டம் கைதட்டியது. நான் மைக்கைப் பிடித்து, கணநாதன் அவர்களின் மகள் மல்லிகா எங்கிருந்தாலும் என்று இழுத்தேன். அறிவித்த நேரத்தை எழுதுவதுதான் எங்கள் வழக்கம். நேரம் என்ற கட்டத்தில் நாலு ஐம்பத்தைந்து என்று எழுதினேன்.

அன்று தொலைந்த மற்ற குழந்தைகள் எல்லாம் ஆறரைக்குள் கிடைத்துவிட்டன. ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து நோட்டைப் புரட்டினார். "அம்மா எத்தனை மணிக்கு வந்தாங்க?"

நாற்பது நிமிடம் என்ன செய்தாய் என்று அடுத்து கேட்பார் என்று தெரிந்தது. விளையாடிக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது? "அதுல இருக்கே சார். நாலு ஐம்பத்தஞ்சு" என்றேன்.

"இல்லீங்க. நான் முன்னாடியே வந்துட்டேன். காணோம்னதும் ஓடியாந்தேன்" என்றார் ருக்மணி.

நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "பதட்டத்துல மறந்திருப்பாங்க சார்" என்றேன்.

அவ்வளவுதான். நான் செய்தது இதுதான். ஜம்பு என்னைப் பார்த்தான், பிறகு பன் கூடையைப் பார்த்தான்.

அதற்குள் தையல்கடையிலிருந்து கணநாதன் வந்துவிட்டார். கூடவே அவருடைய அக்கா பட்டம்மா. அக்கா உற்சவத்துக்கு வந்தவர், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து எங்கள் கொட்டகையைப் பார்த்திருக்கிறார். "இவ சொல்ற பல்லக்கு நாலு பத்துக்கே போயிடுச்சு! முக்கா மணி நேரம் கொயந்த இல்லாததே தெரியல இவளுக்கு! அப்பால வந்து இந்தப் பசங்களோட சிரிச்சிக்கினு நிக்கிறா!" என்று தெருவே கேட்கக் கத்தினார். அதைத்தான் பிறகு எல்லோரும் சொன்னார்கள். கணநாதன் மனைவியை விட்டுப் போகவில்லை. ஆனால் அதற்குப்பின் சாகிற வரைக்கும் அவரோடு அளந்துதான் பேசினார் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வருடம் கழித்து இன்னொன்று நடந்தது. திருவிழாக்களில் பீப்பீ விற்கும் ஒருவனை வேறொரு ஜில்லாவில் பிடித்தார்கள். இரண்டு குழந்தைகளைக் கொன்றதாக வழக்கு. வேறு ஊர்த் திருவிழாக்களில் காணாமல் போன இன்னும் சில குழந்தைகளும் அவன் வேலைதானோ என்று சந்தேகம். மல்லிகா காணாமல் போன அன்று அவன் மயிலாப்பூரில் விற்றிருக்கிறான். ஆனால் நாலே முக்காலுக்கெல்லாம் தி. நகரில் ஏதோ அடிதடியில் மாட்டி, அங்கே போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறான். காணோம் என்றதும் ஓடி வந்ததாக ருக்மணி சொன்னதை என் நாலு ஐம்பத்தைந்தோடு சேர்த்து, குழந்தை தொலைந்தது நாலு ஐம்பதை ஒட்டி என்று போலீஸ் எழுதியிருந்தது; அப்படியானால் அவனாக இருக்க முடியாது. நாலு பத்து என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் பல இருந்தன. ஒன்றும் கேட்கப்படவில்லை. மல்லிகாவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று பேப்பரில் படித்தேன். நான் அப்போது கல்லூரியில் சேர்ந்து, நேரத்தைத் துல்லியமாக அளப்பது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. வாயைத் திறக்கவில்லை. வழக்கு முடிவதற்குள் அவன் சிறையிலேயே செத்துப்போனான். அவன்தானா என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

ருக்மணி ஒவ்வொரு பங்குனியிலும் அதே நாளில், அதே முனையில் வந்து நிற்பார். ஒருதரம் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு உற்சவத்துக்குப் போனால் சுற்றி வேறு வீதி வழியாகத்தான் போவேன். அப்படிச் சுற்றும்போதெல்லாம், நடப்பது உடம்புக்கு நல்லது என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

இந்த வருடம் சுற்றிப் போகவில்லை. கையில் பட்டை ஒட்டிய அந்த ஐந்து விநாடி என்னை நேராக அந்த முனைக்குத் தள்ளியது. எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் ஸ்டூலில் ருக்மணி உட்கார்ந்திருந்தார். பேத்திக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "அம்மா, அன்னிக்கு மைக்ல பேசினது..." என்று தொடங்கினேன்.

"கண்ணாடிய கழட்டு" என்றார். கழற்றினேன். "ஆமா. அதே மூக்கு. வாத்தியார் ஆயிட்டியாமே."

சொன்னேன். எதையும் மெழுகாமல் சொன்னேன். ஒலிபெருக்கிகள் அலறிக்கொண்டிருந்ததால் குனிந்து காதருகே சொல்ல வேண்டியிருந்தது.

"இன்னொரு தபா சொல்லு."

திரும்பச் சொன்னேன்.

"நாலேகாலுக்கா வந்தேன்?"

"நாலேகாலுக்கு. அந்தக் கடிகாரம் ரெண்டு நிமிஷம் ஃபாஸ்ட் வேற. சரியாச் சொன்னா நாலு பதிமூணு."

அவர் பல்லக்குகள் பக்கம் திரும்பினார். "அந்த முக்கா மணி நேரம் நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னு இத்தினி வருசமா யோசிச்சிக்கினு கீறேன் வாத்தியாரே. மொதல்ல நான் சொன்னதுதான் கரீட்டுன்னு இருந்தேன். எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே டவுட்டு வந்துச்சு. பல்லக்க வேடிக்க பாத்துக்கினு கொயந்தைய மறந்துட்டேனோ? யாருகிட்டயாவது பேசிக்கினு நின்னேனோ? ஒண்ணும் நாபகம் வரல. எப்பிடி வரும்? அப்பிடி ஒரு நேரமே இல்லியே."

மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கூட்டத்தில் காலில் விழுந்தால் பின்னால் வருகிறவர்கள் மிதித்துவிடுவார்கள் என்று கையை மட்டும் கூப்பினேன்.

"அதெல்லாம் அப்பால பாத்துக்கலாம். ஞாயித்துக்கிழம நங்கநல்லூர் வர்றியா? எங்க நாத்தனார் அங்கதான் கீது. அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லு. காலையில பத்து மணிக்கு மந்தவெளி பஸ் ஸ்டாண்டாண்ட நிப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "லேட்டா வராத" என்றார்.

ஞாயிறுக்குள் நடந்ததை எல்லாம் ஒரு கடிதமாக எழுதி, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். இன்ஸ்பெக்டர் ஒரு சின்னப் பெண். இரண்டு தடவை படித்தார். "ஐயா, இந்த ஃபைலே இப்ப இருக்காதுங்க. அப்பவே சொல்லியிருந்தா அந்த ஆள விசாரிச்சிருப்பாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

அவர் நகலில் முத்திரை குத்தி, தேதி போட்டு, என் பக்கம் தள்ளினார். எழுபத்தாறு வயதில் முதல்முறையாக ஒருவர் என்னைத் திட்டாததற்காக வருத்தப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே மந்தைவெளி போய் நின்றுவிட்டேன். ருக்மணி ஒன்பதேகாலுக்கே வந்திருந்தார்.

பட்டம்மாவுக்கு எண்பத்தைந்துக்கு மேல். முதல் மாடியில், மகன் வீடு. தம்பி பெண்டாட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நின்றபடியே சொல்லி முடித்து, முத்திரை குத்திய நகலைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, உதடு அசைய அசைய எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சிரிச்சிக்கினு நின்னாளே? நான் கண்ணால பாத்தேனே?"

"நாங்கதாம்மா சிரிக்க வெச்சோம். உங்க தம்பி பேரைக் கேட்டு."

அவர் எழுந்து உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு ஓடுவதா, இருப்பதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு தட்டில் இரண்டு டம்ளர் காபியோடு வந்தார். ஒன்றை ருக்மணியிடம் நீட்டினார். "சக்கர போடல. உனக்கு சுகராமே." இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். எனக்கு இல்லை. இந்த ஊரில் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். கடன் கேட்டுப் போன வீட்டில்கூடத் தண்ணீராவது கிடைத்திருக்கிறது. நியாயம்தான் என்று நாக்கை ஈரப்படுத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் குடித்தார்கள். பிறகு பட்டம்மா, யாரையும் பார்க்காமல், "காலண்டர கிழிச்சிடுவாளே, நாபகம் கீதா?" என்றார்.

"ஐயோ, பஸ் டிக்கெட்டு!" என்றார் ருக்மணி.

மல்லிகாவுக்கு கண்டக்டர் ஆக வேண்டுமாம். தினசரிக் காலண்டரைக் கிழித்து வீட்டில் நடமாடுகிற எல்லோருக்கும் டிக்கெட் கொடுப்பாளாம். பூனைக்கும் உண்டு. ஆடி மாதத்திலேயே மார்கழி வரை கிழித்துவிட்டதில், தீபாவளி எப்போது என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்க வேண்டியதாயிற்றாம். டிக்கெட் இல்லாமல் சாப்பிட உட்கார்ந்த அப்பாவை விசில் ஊதி இறக்கிவிட்டாளாம். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பெயரை இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, அத்தனை வருடமாக. சண்டை போட்டுக்கொள்ளும்போதுகூட "அது" என்றுதான் சொல்வார்களாம்.

கிளம்பும்போது பட்டம்மா வாசல்வரை வந்தார். என்னிடம் பேசினார். "வர்ற ஞாயித்துக்கிழமையும் இவள கூட்டிக்கினு வா. வயசான பொம்பள, தனியா எப்பிடி வருவா?"

"சரிம்மா."

"நீ மேல வராத. கீழயே நில்லு."

அதன்படிதான் நடக்கிறது. ஞாயிறுதோறும் மந்தைவெளியிலிருந்து நங்கநல்லூருக்கு ஆட்டோ. ருக்மணி வழியில் அதிகம் பேசுவதில்லை, கோபமாகவும் இல்லை. மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அவர் அதை அப்பால் பார்த்துக்கொள்ளலாம் என்றார், இன்னும் அப்பால் வரவில்லை.

கீழே நிற்கும்போது நினைத்துக்கொள்வேன். கீற்றுக் கொட்டகை போய்விட்டது. குழாய் ஒலிபெருக்கி போய்விட்டது. ஜம்பு போய் ஏழு வருடம். புருஷன் பெயரைச் சொல்லத் தயங்கும் பெண்களும் போய்விட்டார்கள். என் மகள் தன் புருஷனை ஊர் கேட்கப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், அவரும் நன்றாகத்தான் இருக்கிறார். குழந்தைகள் தொலைந்தால் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடுகிறார்கள். நல்லதுதான். எல்லாமே நல்லதுக்குத்தான் போயிருக்கின்றன, ஒரு குழந்தையைத் தவிர.

போன ஞாயிறு அந்த வீட்டு வாட்ச்மேன் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "வாரா வாரம் வந்து வெயில்ல நிக்கிறியே, மேல போயேன் சார். உன் சொந்தக்காரங்கதான?"

"இல்லப்பா. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அதான் கீழ நிக்கச் சொல்லியிருக்காங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தினி நாளைக்கு?"

"அத சொல்லல."

மாடியில் இரண்டு கிழவிகளும் எதற்கோ சிரித்தார்கள். வாட்ச்மேன் தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "ஒக்காரு சார், அவங்களுக்கா தெரியப்போவுது" என்றார். நான் உட்காரவில்லை.